தக்காளி இலைக்குள்ளே ஒரு பெரட்டு

மார்ச் 2, ஞாயிறு
காலையில பனி, பத்து மணிக்கு வெயில். எங்க லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாடி அம்மாவோட தக்காளிப் பாத்தி. ரெண்டு வரிசை, நாப்பது செடி. பக்கக் குருத்து கிள்ளுற வேலை. அம்மா வலது, நான் இடது. போட்டி. தேயிலைக் கொழுந்து எடுக்கிற மாதிரி ரெண்டு கையாலயும், செடியைப் பார்க்காமலே.
"மெதுவாடி, இங்க யாரு நிறுக்க வர்றா?"
ஜெயம் எனக்கே. என் முதல் செடி மட்டும் இலை சுருங்கி, மஞ்சள் திட்டுத் திட்டா. அதையும் கிள்ளிட்டு அடுத்தது.
சாயங்காலம்: எலுமிச்சம்பழம் ரெண்டா வெட்டி, குங்குமம் தடவி, இடது வரிசை வேலியோரம் வெச்சேன். அம்மா அலறினது கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். நான் நல்ல பிள்ளையா பாடம் படிச்சேன்.

மார்ச் 14, வெள்ளி
சிரிப்பு போச்சு. இடது வரிசை முழுக்க அதே மஞ்சள் திட்டு. சில இலை நூல் மாதிரி. வேலிக்கு அந்தப் பக்கம் செல்வி அக்கா வீடு. அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க: "பழம் வெச்சது அவதான். செடியைக் கட்டிட்டா."
நான் பிறக்குறதுக்கு முன்னாடியிருந்து ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்து நிரையில கொழுந்து எடுக்கிறவங்க. இன்னைக்கு அம்மா வேற நிரைக்குப் போயிட்டாங்க.
சொல்ல வாயைத் திறந்தேன். தேத்தண்ணி குடிச்சு மூடிட்டேன்.

மார்ச் 15, சனி
பஸ்ல பதுளை. டியூஷன். கொப்பிக்குள்ள ஒரு நோய் இலை. பயோ மிஸ் யாழ்ப்பாணம். அம்மாவோட செய்வினைக் கதையைச் சொல்லி இலையை நீட்டினேன். தொடாம, பேனாவால புரட்டினாங்க.
"இது செய்வினை இல்லை பிள்ளை. மொசைக் வைரஸ் போல கிடக்கு."
குறிப்பு:
– கிள்ளின காயம் வழியா செல்லுக்குள்ள நுழையும். மேல போட்ட கோட்டைக் கழட்டும். (வைரஸுக்கே கோட். என் ஸ்வெட்டர்ல முழங்கை தெரியுது.)
– உள்ளே ஆர்.என்.ஏ. நூல். செடியோட சொந்த மெஷினே அதை வாசிச்சு வைரஸுக்குப் புரதம் செஞ்சு குடுக்கும். இதுக்கு விரதமே கிடையாது, புரதம்தான்.
– ஒரு புரதம் நூலைப் பிரதி எடுக்கும். இன்னொண்ணு பக்கத்து செல்லுக்கு வாசலை அகலமாக்கும்.
– கோட் புரதங்கள் வட்டத் தட்டாச் சேரும். நூலோட ஒரு வளைவு தட்டோட நடு ஓட்டையில மாட்டும். மேல மேல தட்டு அடுக்கி, நூல் மூடுற வரைக்கும். கடைசியில ஒரு கோல்.
"யாரு மிஸ் அதுங்களைக் கூப்பிட்டுச் சேர்க்கிறது?"
"ஒருத்தரும் இல்லை. பொருந்துற இடம் கண்டால் தானாப் பொருந்தும்."
"காலையில கங்காணி வேலைக்கு ஆள் கூப்பிட்டுச் சேர்ப்பாரே, பெரட்டு. இது கங்காணி இல்லாத பெரட்டு!"
வகுப்பே சிரிச்சது. மிஸ் சிரிக்கல. "சரியாத்தான் சொல்லுறீர். அந்தக் கோல் லேசில அழியாது. கையில ஒட்டிக்கொண்டும் போகும். அந்தச் செடியளைக் கடைசியா ஆர் கிள்ளினது?"
அப்புறம் மிஸ் சொன்ன எதுவும் காதுல விழல. திரும்பி வர்றப்போ பஸ்ல கையை மடியில வெக்கவே பிடிக்கல.

மார்ச் 16, ஞாயிறு
உக்காந்தேன். எழும்பினேன். பாத்திக்குப் போனேன். இடது, இருபதுக்கு இருபது. வலது, ஒண்ணுகூட இல்ல. திரும்ப எண்ணினேன். அதேதான்.
"அம்மா, நோயைப் பரப்பினது என் கைதான்."
"போடி, உன் விளையாட்டுக்கு நேரமில்ல."
போன மாசம் கக்கூஸுக்குள்ள சிறுத்தைன்னு கத்தினது நான்தானே. யாரு நம்புவா?

மார்ச் 17, திங்கள்
ஸ்கூல் விட்டு நேரே கொழுந்து நிறுக்கிற இடம். அம்மா ஒரு மூலை, செ. அக்கா இன்னொரு மூலை. எல்லார் முன்னாடியும் கத்தினேன்: "பழம் வெச்சது நான். நோயைப் பரப்பினதும் நான்."
செ. அக்கா: "எந்தப் பழம்டி?"
அம்மா ஏன் பேசலன்னே அவங்களுக்குத் தெரியாது!
"அம்மா, நீங்க கிள்ளின வரிசையில ஒரு செடிக்காவது நோய் இருக்கா?"
அம்மா கொழுந்தைத் தராசுல போட்டாங்க. நிறுத்தாங்க. நடந்தாங்க. அக்காவைப் பார்க்கவும் இல்ல. ஒரு அறை விட்டிருக்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்
நாலு மணி. தூறல். அம்மா ஒரே வார்த்தை: "பிடுங்கு." இருபது செடியும், காயோட. சாக்குல போட்டேன். ஒன்பதாவது செடி முடிஞ்சப்போ செ. அக்கா வேலியைத் தாண்டி வந்துட்டாங்க. "தள்ளுடி, இந்த வேகத்துல விடிஞ்சிரும்." ஒரு செடியைப் பிடிச்சுட்டாங்க.
"ஏய் செல்வி, தொடாத! கையில ஒட்டிட்டு உன் பாத்திக்கும் போயிரும்!"
அம்மாதான்.
செ. அக்கா செடியை விட்டாங்க. "பேச்சு வருது போல?"
அம்மா உள்ளே போனாங்க. வாளியும் சோப்பும் எடுத்துட்டு வந்து அக்கா கையைப் பிடிச்சு, விரல் விரலா, நகத்தடி வரைக்கும் தேய்ச்சாங்க. "வலிக்குதுடி." "வலிக்கட்டும்." தேய்ச்சுக்கிட்டே இருந்தாங்க.
எனக்கு இன்னும் பதினொரு செடி.