ஐந்து நட்சத்திரம், மூன்று வரி

ஜூன் 4

பல வருஷத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மிஸ், ரெண்டு பேப்பரும் ஒரே மாதிரி இருந்தா, பாத்து எழுதியிருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

சரியான விடையைப் பார்க்க மாட்டேன், தப்பைப் பார்ப்பேன் என்றேன். சரியாக எழுதுகிற எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். ஒரே தப்பை இரண்டு பேர் தற்செயலாகச் செய்வது அபூர்வம். உதாரணத்துக்கு, அந்த வருஷம் ஒருவன் வரைபடத்தில் நதியைக் கடலில் தொடங்கி மலைமேல் ஏற்றிவிட்டிருந்தான். பக்கத்து பெஞ்சுக்காரனின் நதியும் மலை ஏறியிருந்தது. வகுப்பே சிரித்தது. அந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

இன்று ஏன் அந்த ஞாபகம்? திருத்தப் பேப்பர் இல்லாமல் பதினான்கு மாதம் ஓடிவிட்டது, அதனால்தான். காலையில் பேப்பர்காரரின் ரசீதில் கூட்டலைச் சரிபார்த்து சிவப்பு மையில் டிக் போட்டேன். மகன் பார்த்துவிட்டு, "அம்மா, அவருக்கு எத்தனை மார்க்?" என்கிறான்.

மாலையில் கைவேலை மிஸ் வந்தாள். என்னோடு ஓய்வு பெற்றவள். வீட்டிலிருந்தே செய்கிற ஒரு எழுத்து வேலை இருக்கிறதாம். ஃபோன் விளையாட்டுகளுக்குக் கருத்து எழுத வேண்டும்.

"அஞ்சு ஸ்டார், மூணு வரி. அவ்வளவுதான் மிஸ்."

"விளையாடிப் பாக்காமலா?"

"பேப்பரைப் படிக்காமலே மார்க் போட்டவங்க நம்ம ஸ்டாஃப் ரூம்லயே இருந்தாங்களே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. யார் என்றும் தெரியும். இருவரும் சிரித்தோம். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 9

இதுவரை பதினெட்டு. எங்களைப் போலக் கருத்து எழுதுகிறவர்களின் குழுவை நடத்துகிறவர் முகம் தெரியாது, பெயரும் தெரியாது. செய்தியில் ஒரு படமும் ஒரு எண்ணும் அனுப்புவார். "எண் 31. சமையல் விளையாட்டு. ஒரு அம்மா, ஒரு காலேஜ் பையன், ஒரு ரிட்டயர்டு ஆள்." நான் எழுதி அனுப்பினால், வெவ்வேறு பெயர்களில், ஃபோனில் விளையாட்டு இறக்குகிற அந்தக் கடையில் ஏற்றிவிடுவாராம். எனக்கு அவர் நட்சத்திரக்காரர்.

இது எனக்கு நன்றாக வருகிறது. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். முப்பத்துநான்கு வருஷம் பிள்ளைகளின் கட்டுரை படித்தவளுக்குக் குரலுக்கா பஞ்சம்? அம்மா எழுதினால் பாதி வாக்கியத்தில் அடுப்பைப் பார்க்க ஓடுவாள். காலேஜ் பையன் முற்றுப்புள்ளியே வைக்க மாட்டான். ஓய்வு பெற்றவர் "முதற்கண்" என்று ஆரம்பிப்பார். நட்சத்திரக்காரர் இன்று, "மேடம் நீங்க வேற லெவல்" என்று அனுப்பினார். கல்வி அதிகாரிகூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

பொய்தானே இது என்று ஒரு எண்ணம் வந்தது. வகுப்பில் மாதிரிக் கடிதம் எழுத வைக்கவில்லையா? இல்லாத மாமாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, வராத காய்ச்சலுக்கு விடுப்பு விண்ணப்பம். அது மாதிரிதான் இதுவும்.

அது மாதிரிதானா?

ஜூன் 15

மருமகளின் விளையாட்டு கடையில் ஏறிப் பத்து நாள். ஏழு கருத்து வந்திருக்கிறது. நான்கு என் மகனின் ஆபீஸ் நண்பர்கள்.

மூன்று வருஷ உழைப்பு. கடைசி ஒன்றரை வருஷம் வேலையை விட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையின் ஒரு முனையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் மறுமுனையில் தட்டை ஒடுக்கி வைத்துச் சாப்பிடுவோம். ரயில் நிலையத்தில், தொலைந்த பொருட்களை எடுத்து வைக்கிற அறை. அதுதான் விளையாட்டு. ஆட்கள் வரிசையில் வந்து தொலைத்ததைப் பற்றி அரைகுறையாகச் சொல்வார்கள். அலமாரியில் தேடிக் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒற்றைச் செருப்போடு வருவார், இன்னொன்று கிடைக்கும்வரை நகர மாட்டார். ஒரு பெண்மணி சொல்வாள், "குடை கிடைக்கலேன்னாலும் பரவாயில்லை, தேடினீங்களா, அது போதும்." அதை மறுபடி கேட்கவென்றே அந்த அறையை இன்னொரு தடவை விளையாடினேன்.

பழைய ஆபீஸ் அவளை மறுபடி கூப்பிடுகிறது. ஜூலை முடிவதற்குள் பதில் வேண்டுமாம். "அதுக்குள்ள இது கொஞ்சம் நிமிந்துட்டா பாக்கலாம் அத்தை. இல்லேன்னா போயிட வேண்டியதுதான்" என்றாள். சாதாரணமாகச் சொல்ல முயன்றாள்.

ஜூன் 18

இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா!

நட்சத்திரக்காரரிடமிருந்து "எண் 41." படத்தைத் திறந்தால் — ரயில் நிலைய அறை. அலமாரிகள், கவுன்டர், வரிசை, சுவர்க் கடிகாரம். நம்ம வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு! எப்படி இவர் கைக்குப் போனது? மகன்தான் விளம்பரத்துக்கென்று யாரிடமாவது கொடுத்திருப்பான், பெண்டாட்டிக்குத் தெரியாமல். வாய் திறக்காத பிள்ளை.

நானும் திறக்கப் போவதில்லை. மூன்று கேட்டார், இருபத்தாறு எழுதினேன். முதல் தடவையாகத் தெரிந்ததை எழுதினேன். செருப்புக்காரர், குடைப் பெண்மணி, பொம்மையைத் தேடி வந்துவிட்டு அதன் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிற பெரிய மனிதர், எல்லாரும் வந்துவிட்டார்கள். எண் போட்டு நோட்டில் எழுதி, பிறகு ஃபோனில் தட்டினேன். கை வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஜூன் 24

இருபத்தாறும் ஏறிவிட்டதாம். ஆனால் மருமகள் முகத்தில் ஒன்றும் இல்லையே? "ஏதாவது கூடியிருக்கா?" என்றேன். "அதே ஏழுதான் அத்தை." கடையில் காட்ட நாளாகுமோ என்னவோ. "பொறு, ஏறும்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஜூன் 27

ஏழு.

ஜூலை 2

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மருமகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அவள் விளையாட்டைப் பார்த்து அப்படியே இன்னொன்று செய்து, வேறு பெயரில் யாரோ கடையில் போட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் ஆகிறதாம். அது மேலே போய்க்கொண்டிருக்கிறது. இவளுடையதில் புதிதாக ஒரு கருத்து, ஒரே நட்சத்திரம்: "அந்த நல்ல கேமைக் காப்பி அடித்தது. வெட்கமாக இல்லையா?"

"என்னையத் திருடின்னு சொல்றாங்க அத்தை."

மகன், "போலீஸ்ல சொல்லிப் பாக்கலாமா?" என்றான்.

"என்னன்னு சொல்லுவ? என் அலமாரியைக் காணோம்னா?"

பிறகு அவள் அந்தக் காப்பிக்கு வந்த கருத்து ஒன்றைச் சத்தமாகப் படித்தாள். "ஒற்றைச் செருப்போடு நிற்கிறவரைப் பார்த்து என் பையன் விளையாட்டை நிறுத்திவிட்டு, பாவம்மா என்றான். அடுப்பில் பால் இருக்கிறது, மீதி அப்புறம்."

என் வாக்கியம். என் பால்.

"எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க பாருங்க. எனக்கு இப்படி ஒண்ணு வந்திருந்தா போதும்" என்றாள். நான் டம்ளர் கழுவப் போனேன். ஏற்கெனவே கழுவிய டம்ளர்.

ஜூலை 3

அந்தக் காப்பியை என் ஃபோனில் இறக்கிப் பார்த்தேன். இதை ஜூன் பதினெட்டிலேயே செய்திருக்க வேண்டும்.

அலமாரி அதே. கவுன்டர் அதே. சுவர்க் கடிகாரத்தின் நிழல் ஜன்னல் பக்கமாகவே விழுகிறது. வெளிச்சம் வருகிற திசைக்கே நிழலா? இந்தத் தப்பை மார்ச் மாதம் மருமகளின் முதல் சோதனைப் பதிப்பில் நான்தான் பார்த்துச் சொன்னேன். பூகோளம் எடுத்தவள் கண்ணில் படாமல் போகுமா? அவள் அன்றைக்கே திருத்திவிட்டாள். அந்தச் சோதனைப் பதிப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கலாம் என்று வைத்திருந்தாள். இவர்கள் அதிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். நதி மலை ஏறியிருக்கிறது.

மற்றபடி அதில் ஒன்றுமே இல்லை. வருகிற ஆட்கள் பேச மாட்டார்கள், மணி மட்டும் அடிப்பார்கள். இரண்டு பொருள் கொடுத்தால் ஒரு விளம்பரம். செருப்புக்காரர் இல்லை. குடைப் பெண்மணி இல்லை. நான் எழுதின மனிதர்கள் ஒருவரும் அந்த அறைக்கு வந்ததே இல்லை. இங்கே இருக்கிறவர்களைப் புகழ்ந்து அங்கே ஒட்டியிருக்கிறேன்.

ஜூலை 5

நட்சத்திரக்காரருக்கு எழுதினேன்: எண் 41-க்கு நான் எழுதியதை எல்லாம் எடுத்துவிடுங்கள். பதில்: "போட்டது போட்டதுதான் மேடம். அடுத்து 44, குதிரை கேம்."

கைவேலை மிஸ்ஸைக் கூப்பிட்டேன். "விடுங்க மிஸ். நீங்கதான்னு யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியுமே.

ஜூலை 6

சொல்லவில்லை. மொட்டை மாடியில் பதினாறு சுற்று நடந்தேன். கீழ்வீட்டுக்காரர் தலை தூக்கி, "டீச்சர், ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்றார்.

ஜூலை 8

மருமகளின் புகாருக்குக் கடையிலிருந்து பதில் வந்தது. பெயர் வேறு, படங்களும் புதிதாக வரைந்தவை, தொலைந்த பொருளைத் தேடுவது என்கிற யோசனை யாருக்கும் தனிச் சொத்து அல்ல என்கிறார்கள். நிழலைக் காட்டினாளாம், அது தற்செயல் என்று விட்டுவிட்டார்கள். ஏமாற்று வேலை நடந்ததற்குச் சான்று இருந்தால் மட்டும் அனுப்பலாம்.

"திங்கக்கிழமை ஆபீஸுக்கு ஃபோன் பண்ணிடறேன்" என்றாள். மகன் அவள் தோளில் கை வைத்தான். அவள் லேப்டாப்பை மூடி, மேசை முழுவதையும் துடைத்தாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக எங்களுக்கு முழு மேசை கிடைத்தது. சாப்பிட முடியவில்லை.

சான்று என் நோட்டில் இருக்கிறது. இருபத்தாறு.

ஜூலை 9

சொல்லிவிட்டேன்.

காலையில் மகன் கிளம்பியதும் நோட்டை அவள் முன்னால் வைத்தேன். எண் 41 என்கிற பக்கம். முதல் நான்கைப் படிக்கும்வரை அவளுக்குப் புரியவில்லை. பிறகு நிமிர்ந்தாள்.

"நீங்களா?"

"நம்ம கேம்னு நெனச்சேம்மா. பேரே சொல்லல, எண்தான் குடுத்தாங்க. படத்தைப் பாத்து நம்மளுதுன்னே—"

"நம்ம கேமா இருந்தா மட்டும் பொய் ரிவ்யூ சரியா அத்தை?"

ஒரு வாரமாக நான் ஆளை மாற்றிப் புகழ்ந்துவிட்டேன் என்றுதான் அழுதுகொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு. மற்ற எண்களையும் கேட்டாள், 31, 36, 39... அவற்றைச் செய்த யாராவது இன்னொருவரின் மேசையிலிருந்து எடுத்திருந்தால்? நான் பார்த்தேனா? பார்க்கவில்லையே. ஒன்றையாவது திறந்தேனா? இல்லம்மா, இல்ல.

நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஜூலை 10

டீ மட்டும் போட்டு வைத்திருந்தாள், எனக்கும் சேர்த்து.

ஜூலை 13

திங்கள். ஆபீஸுக்கு ஃபோன் பண்ணுவாள் என்று காத்திருந்தேன். லேப்டாப்போடு வந்து மேசையில் என் பக்கமாக உட்கார்ந்தாள்.

"ஒவ்வொண்ணாப் படிங்க. எந்த ஆளு எந்த ரூம்ல வராருன்னு நான் குறிக்கறேன்."

மதியம்வரை படித்தேன். இருபத்தாறில் பத்தொன்பது, காப்பியில் இல்லவே இல்லாத ஆட்களைப் பற்றியவை. அவர்கள் அவளுடையதில் மட்டும்தான் இருக்கிறார்கள். விளையாடாமல் எழுதியது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

"எழுதினவங்க பேரும் கையெழுத்தும் கேப்பாங்க. வெளிய தெரியும். பரவாயில்லையா?"

போட்டேன். என் முழுப் பெயர், எத்தனை வருஷம் ஆசிரியை, எல்லாம். நட்சத்திரக்காரரின் செய்திகளையும் சேர்த்தேன். எழுதிக் கொடுத்த மற்ற எண்கள் அத்தனையையும் பட்டியல் போட்டேன். அதை அவள் சொல்லவில்லை, நானே போட்டேன். கைவேலை மிஸ்ஸிடம் முன்கூட்டியே சொன்னேன், அவள் பெயரை எழுதவில்லை என்றும் சொன்னேன். "குழுவையே இழுத்து மூடிட்டீங்க. நல்லாயிருங்க" என்று ஃபோனை வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் ஒரே டிபன் பாக்ஸைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள்.

ஜூலை 24

காப்பியை எடுத்துவிட்டார்கள். பொய்க் கருத்துகளும் போய்விட்டன. மகன் இனிப்பு வாங்கி வந்தான். மருமகள் ஒன்று எடுத்தாள், என் பக்கம் பெட்டியைத் தள்ளினாள். நான் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

ஜூலை 28

மறுபடி வந்துவிட்டது! இன்னொரு பெயரில், அலமாரிக்குப் பச்சை வண்ணம் அடித்து. எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு!

"பெயின்ட் அடிக்க நாலு நாள் ஆயிருக்கு அத்தை. சோம்பேறிங்க. விடுங்க, நோட்டை எடுங்க, மறுபடி அனுப்பலாம்."

ஜூலை 30

நாளைக்குள் ஆபீஸுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து நான் அவள் ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணிக்கு அவள் விளையாட்டுக்குப் புதிதாக ஒரு கருத்து வந்தது. இரண்டு நட்சத்திரம். "முதல் அறை பிடித்தது. மூன்றாவது அறையில் அலுத்துவிட்டது. கைக்கடிகாரத்தைத் தேடி வருபவர் ரொம்பப் பேசுகிறார்."

"யாரது, இவங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தேன்.

"அத்தை! மூணாவது ரூம் வரைக்கும் போயிருக்காங்க! உக்காந்து விளையாடியிருக்காங்க!" ஏதோ முதல் பரிசு வாங்கினவள் மாதிரி இரண்டு முறை படித்தாள். அப்புறம் ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. "இல்ல சார், வரல... ஆமா, யோசிச்சுட்டேன்... கேம்ல ஒரு ஆளு ரொம்பப் பேசறாராம், அவரைக் கவனிக்கணும்." அந்தப் பக்கம் என்ன நினைத்தார்களோ.

உள்ளே வந்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாள். "மூணாவது ரூம் விளையாடுங்க. முகத்துக்காகச் சொல்லக் கூடாது."

விளையாடினேன். கைக்கடிகாரக்காரர் உண்மையிலேயே ரொம்பப் பேசுகிறார். ஒன்பதாவது வாக்கியத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னேன்.

"எத்தனை ஸ்டார் அத்தை?"

"ரெண்டு. ரெண்டரை குடுக்க முடியுமா?"

"முடியாது" என்று சொல்லிவிட்டுத் தட்டச்ச ஆரம்பித்தாள். இன்னும் மேசையில்தான் இருக்கிறாள். கைக்கடிகாரக்காரருக்கு நான்கு வாக்கியம்தான் மிச்சம்.

இந்த நோட்டைப் பின்னால் யார் புரட்டினாலும் ஒன்று செய்து பாருங்கள்: அடுத்த முறை ஒரு விளையாட்டை இறக்கும் முன், அதற்கு இரண்டு நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள்.