ஷெர்லின் பெயரில் பதினேழு

ஜூன் 10, செவ்வாய்
ஒரகடத்தில் வெளியே வெயில் கொளுத்துகிறது, ஆபீஸுக்குள் ஸ்வெட்டர் கேட்கிறது. பூஞ்சை மரபணுக்கள் இருபத்திரண்டைத் தரவுத்தளத்தில் பதிந்து முடித்தேன். எண், அது செய்யும் வேலை, ஆதாரம், ஆய்வுக் கட்டுரை, பதிவை எழுதியவர் பெயர், தேதி - ஒரு பதிவுக்கு ஆறு கட்டங்கள். ஆதாரக் கட்டத்தில்தான் கவனம் வேண்டும். சோதனையில் நிரூபித்ததா, அல்லது இன்னொரு மரபணுவைப் போல இருப்பதால் ஊகித்ததா?

பக்கத்து நாற்காலிக்கு இன்னும் ஆள் போடவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் ஷேர் ஆட்டோ மீது லாரி மோதி ஷெர்லின் போய் நாலு மாதம்.

ஜூன் 12
சரிபார்ப்பில் ஒரு தவறு பிடிபட்டது. ஒரு பதிவில் வெறும் ஊகத்துக்கு 'சோதனையில் நிரூபித்தது' என்று போட்டிருக்கிறது. அதை நம்பி நாற்பத்தொரு பதிவுகள் நகலாகிவிட்டன. எழுதியவர்: ஷெர்லின். தேதி: பிப்ரவரி 17.

அவள் செத்தது பிப்ரவரி 6.

"பேய் வந்து டைப் பண்ணிக்கினு இருந்துச்சா?" என்று எதிர் சீட் ஜோயல் சிரித்தான். அந்தப் பேய் நான்தான்.

ஜூன் 13
கண்ணை மூடினால் அந்தத் தேதி.

ஜூன் 14
இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ஒருத்தர் லீவு போட்டால் இன்னொருத்தர் அவர் லாகினில் வேலையை முடிப்பது எங்கள் வழக்கம். அவள் போனபோது பதினேழு பதிவுகள் பாதியில் கிடந்தன. வேறு ஆளுக்கு மாற்றினால் அவள் பெயர் போய்விடும். போகக் கூடாது என்று அவள் லாகினிலேயே நான் முடித்தேன். அழுதுகினே வேலை பார்த்தா கட்டம் எங்க தெரியும்? - சீ, சாக்கு.

அவள் இப்படிச் செய்திருக்கவே மாட்டாள். "தெரியலன்னா தெரியலன்னு போடு கவி. அதுல இன்னா வெக்கம்?" என்பாள்.

ஜூன் 16
மேனேஜர் நரசிம்மன் சாரிடம் சொல்லிவிட்டேன். எழுந்து கதவைச் சாத்தினார். லாகின் விஷயம் வெளியே வந்தால் எல்லோருக்கும் சிக்கலாம்.

"அந்தப் பொண்ணு மேலயே போவட்டும்மா. செத்தவங்கள யாரு கேக்கப்போறாங்க?"

பென்னலூரில் அவள் வீட்டைத் தாண்டித்தான் என் பஸ் போகிறது. வாசலில் அவள் அம்மா நின்றிருந்தார். தலையைத் திருப்பிக்கொண்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஜூன் 18
செய்துவிட்டேன். எந்தப் பதிவையும் எங்களால் அழிக்க முடியாது, காரணம் எழுதித் திரும்பப் பெறலாம். அந்தத் தவறான பதிவில் எழுதினேன்: 'இதை எழுதியது ஷெர்லின் அல்ல. கவிப்பிரியா. மீதிப் பதினாறும் நான்தான்.'

ஜூலை 2
இனி என் பதிவுகளை ஜோயல் பார்த்த பிறகுதான் ஏற்றுவார்கள். பதினேழும் என் பெயருக்கு மாறிவிட்டன. எந்தப் பெயர் போகக் கூடாது என்று உட்கார்ந்தேனோ, அது போய்விட்டது.

மதியம் அவள் பெயரைத் தேடிப் பார்த்தேன். கடைசிப் பதிவு பிப்ரவரி 5. அவளே எழுதியது.

'அது செய்யும் வேலை' என்ற கட்டத்தில்: தெரியவில்லை.