ஏழு பேர் சேரவில்லை

வெள்ளி, 17 நவம்பர் 2006

ஜூரிக் கடமை இன்று முடிந்தது. மனைவியின் கையை முறித்ததாக ஒரு தமிழர் மீது வழக்கு. ஜூரியில் இருந்த எங்கள் பத்துப் பேரில் தமிழ் தெரிந்தவள் நான் மட்டும். சாட்சி சொன்ன மனைவி மொழிபெயர்ப்பாளரை விட்டு என்னையே பார்த்துக் கதைத்தாள்.

"நான்தான் படியிலை வழுக்கி விழுந்தனான், அக்கா."

பொலிசிடம் முதலில் அவள் சொன்னது வேறு.

இந்த நாட்டுச் சட்டப்படி, குற்றவாளி என்று முடிவுசெய்ய பத்தில் ஏழு பேராவது வேண்டும். ஏழு பேர் சேரவில்லை. எங்கள் ஜூரித் தலைவர் எழுந்து, குற்றவாளியா என்ற கேள்விக்கு "இல்லை" என்று மட்டும் வாசித்தார். யார் எந்தப் பக்கம் என்று வெளியில் சொல்லக்கூடாது. இங்கேயும் எழுதமாட்டேன். ஜூரி மக்களாட்சியின் தூண் என்று பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதினவள் நான். தூணுக்கும் நித்திரை வராமல் போகும் என்று அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் இவர், "என்ன நீதவான் அம்மா, ஆளை உள்ளுக்குப் போட்டாச்சோ?" என்று சிரித்தார். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

வீட்டுக்குப் புறப்படமுன், நீதிமன்ற வாசலில் அந்த மனைவி என்னிடம் ஓடி வந்திருந்தாள்.

"நீங்கள் இருந்தபடியால்தான் அக்கா, என்ரை குடும்பம் தப்பினது."

விடுதலையான அவள் புருஷன் சற்றுத் தள்ளி, அவளுக்காகக் காத்து நின்றான். தப்பவைத்தது நான்தான் என்றோ, நான் இல்லை என்றோ சொல்ல எனக்கு அனுமதியில்லை. அவள் என்னைக் கும்பிடப் பார்த்தாள். இடது கை நெஞ்சுவரை வந்தது. வலது கை பாதிக்கு மேல் எழும்பவில்லை.