கேட்டுக் கிடைத்த மழை

17-4-2005, ஞாயிறு
பூசை முடிந்ததும் பாதர் கூப்பிட்டார். அடுத்த வாரத்திலிருந்து மழைக்காக மன்றாட்டு. நானே எழுதி நானே வாசிக்க வேண்டுமாம். பெருமுக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கிணறு வற்றி மல்லாட்டைப் பயிர் வாடுகிறது, வேர்க்கடலை பிடிக்காது போலிருக்கிறது. நான்கு முறை எழுதினேன். எழுத்து அழகாக வந்திருக்கிறது.

அம்மா உப்பளத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசித்துக் காட்டினேன். “உப்பு வெளையுற நேரத்துல மழை கேக்கப் போறியாடி?” என்றாள். ஆடி வரை உப்பள வேலை ஓடினால்தான் எனக்குத் திண்டிவனத்தில் பிளஸ் ஒன். அது எனக்கும் தெரியும். ஆனால் ஆண்டவருக்கு எங்கே பெய்ய வேண்டும் என்று தெரியாதா?

23-4-2005
மன்றாட்டில் ‘பெருமுக்கல் பக்கத்து வயல்களில் மட்டும்’ என்று சேர்த்திருந்தேன். பாதர் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார். “ஆண்டவருக்கு மேப் போட்டுக் குடுக்கக் கூடாதும்மா.”

24-4-2005, ஞாயிறு
வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று விவசாயக் குடும்பங்கள் கோயில் அதிரச் சொன்னார்கள். உப்பளத்துப் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1-5-2005, ஞாயிறு
இன்றும் வாசித்தேன். அம்மா பூசைக்கு வரவில்லை.

11-5-2005
திங்கள் மத்தியானம் பிடித்த மழை இன்றுதான் விட்டது.

மழை பிடித்தபோது, வாரிக் குவித்த உப்பைத் தென்னங்கீற்று போட்டு மூடியிருக்கவில்லை. எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். கீற்றைத் தூக்கிப் போடப் போட, குவியல் அடியில் கரைந்து கஞ்சித் தண்ணீராக ஓடியது. உப்புப் பாத்தியெல்லாம் சேறு. அம்மா நனைந்தபடி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போனேன்.

“நீ கேட்ட, அவரு குடுத்துட்டாரு. இனிமே எனக்காக ஜெபம் பண்ணாத. என்னுத நான் கேட்டுக்கறேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

15-5-2005, ஞாயிறு
நன்றிப் பூசை. மல்லாட்டை பிழைத்துவிட்டது. தெய்வசிகாமணி ஐயா, மூன்று ஏக்கர் பயிர் வைத்திருப்பவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் வாய் முகூர்த்தம் பாப்பா” என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் கையும் அம்மா கையைப் போலவே வெடித்துக் கிடந்தது. அவரை வெறுக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

நன்றி மன்றாட்டை வாசிக்கச் சொன்னார் பாதர். தொண்டை வலி என்றேன். பீடத்துக்கு எதிரே நின்று பொய்.

கேட்டது கிடைக்காவிட்டால் என்ன நினைக்க வேண்டும் என்று மறைக்கல்வியில் சொல்லித் தந்திருக்கிறார்கள் — பொறுமை, சோதனை, ஆண்டவரின் சித்தம். கேட்டது கிடைத்துவிட்டால்? கிடைத்து, அதனாலேயே அம்மாவுக்கு வேலை நின்றுபோனால்? அதற்கு எந்தப் பாடத்தில் பதில்? சும்மா இருந்திருக்கலாமே நான். பெருமைதான். என் எழுத்து மைக்கில் கேட்கணும்னு ஆசை, வேற என்ன?

28-5-2005
பத்தாம் வகுப்பு ரிசல்ட். ஐந்நூறுக்கு 431. அம்மா சர்க்கரை வாங்கி வந்து வாயில் போட்டாள். திண்டிவனம் என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

6-6-2005
பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மேரிசெல்வி புதுப் பையோடு திண்டிவனம் பஸ் ஏறினாள். பத்து வருஷம் ஒரே பெஞ்சு. கையாட்டினாள். நான் அம்மாவோடு பாத்தி மிதிக்கப் போனேன். சேறு இறுகும் வரை காலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் மறுபடி உப்பு பிடிக்கும்.

சாயங்காலம் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறோம், ரேஷன் கடையில் முன்னும் பின்னும் நிற்பவர்களைப் போல. அம்மா தன்னுடையதை முணுமுணுக்கிறாள். எனக்குக் கேட்டுவிடக் கூடாதாம். நான் வாயை மட்டும் அசைக்கிறேன். உள்ளே ஒன்றுமே இல்லை. நன்மை செய்யத்தானே கேட்டேன்? இனி எதைக் கேட்கவும் பயமாக இருக்கிறது.

17-7-2005, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை, உப்பு வாரும் நாள். கோயில் ஸ்பீக்கர் உப்பளம் வரை கேட்டது. யாரோ ஒரு பெண் மன்றாட்டு வாசித்தாள். மறுபடி மழைக்கு. மேற்கே மேகமும் இருந்தது.

எங்களோடு வேலை செய்யும் தெய்வநாயகி அக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவர். “உங்காளுங்க ஆரம்பிச்சிட்டாங்கடி. நீயும் ஒரு மனு போட்டு வை” என்று கிண்டல் செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

தெய்வசிகாமணி ஐயாவின் கை நினைவுக்கு வந்தது. பெய்யக் கூடாது என்று எப்படிக் கேட்பேன்?

குவியலில் சாத்திய ஏணியில் நின்று கீற்று போட்டபடி சத்தமாகவே சொன்னேன்: “ஆண்டவரே, இந்தக் குவியலுக்குக் கீற்று போட்டு முடிக்கிற வரைக்கும் பொறும்.”

அழகாக வரவில்லை. ‘ஆமென்’ சொல்லவும் மறந்துவிட்டேன்.

அம்மா கீழேயிருந்து அடுத்த கீற்றை எடுத்துக் கொடுத்தாள்.