ஜி, எல் சொற்களும் மேகம் மூடிய மலையும்

மறந்துவிடவில்லை. ஜி, எல் என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் இப்போதும் வரிசையாக வருகின்றன, நீ அவற்றை மாட்டிவைத்த முகங்களோடு. மற்றவை தேர்வு முடிந்ததுமே போய்விட்டன.

காலையில் எழுந்தபோது விரலில் இன்னும் வெல்லப்பாகு வாசனை. நேற்று தீபம். என் அம்மா உருட்டிப் பிடித்த பொரி உருண்டைகளை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகவில்லை. உங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. தெருவெல்லாம் அகல் விளக்கு. உங்கள் வாசல் மட்டும் இருட்டு.

அதற்கு முன் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு, வங்கித் தேர்வு வகுப்புக்கு, நாம் போய் வந்த பஸ். தாளைப் பார்த்து மனப்பாடம் செய்வது உன்னால் ஆகாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாய். "ஒரே எழுத்துல ஆரம்பிக்கிறத ஒண்ணா கட்டு. ஒவ்வொண்ணையும் ஒரு ஆள் மேல மாட்டு. ஆள் மறக்காதுடி."

அப்படித்தான் க்ளம் கண்டக்டருக்குப் போனது. முகம் தொங்கிப்போயிருப்பது. க்ளேர், முறைப்பது, கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சமும் அதுவே. அது ஜன்னல் சீட்டை யாருக்கும் விடாத டீச்சருக்கு. க்ளட்டன், பெருந்தீனிக்காரர். அது எனக்கு. பஸ் கிளம்பும் முன்பே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவேன். க்ளோட், அடுத்தவர் சறுக்கியதை உள்ளுக்குள் ரசிப்பது. மாதிரித் தேர்வில் நான் உன்னை முந்திய அன்று அதையும் என் மேலேயே மாட்டினாய்.

ஒருநாள் வேர்க்கடலை மூட்டையோடு ஏறிய அக்காவைப் பார்த்து ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிச் சிரித்தோம். அவர் திரும்பினார்.

"இன்னாம்மா, என்னப் பத்தி இங்கிலீஷ்ல?"

"நல்லவங்கன்னு சொன்னோம்க்கா," என்றாய்.

"அதுக்கு ஏன் வாயப் பொத்திகினு சிரிக்கிறே?"

"நல்லவங்களப் பாத்து ரொம்ப நாளாச்சிக்கா. அதான்."

அவர் ஒரு பிடி கடலையை உன் மடியில் போட்டார். நான் உன் காதில் க்ளிப் என்றேன். தலையில் மாட்டுவது இல்லை. தடங்கல் இல்லாமல், உண்மையும் இல்லாமல் பேசுவது. நீ கடலையை உரித்துக்கொண்டே சொன்னாய்: "அந்த வார்த்தைய நானே எட்த்து வச்சிக்கிறேன்."

க்ளிம்ப்ஸ் மட்டும் யார் மேலும் ஏறவில்லை. எதிரில் வந்த பஸ் கடந்தபோது அதன் ஜன்னலில் ஒரு முகம். பள்ளிக்கூடத்தில் உன்னோடு படித்தவள் என்றாய். நிச்சயமாகவா என்று கேட்டேன். "பாத்தேன். ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன். அதான் க்ளிம்ப்ஸ்." புத்தகத்தில் 'கணநேரக் காட்சி' என்று இருந்தது. எனக்கு உன்னுடையதுதான் நின்றது.

போன வருடத் தீபம். உங்கள் மொட்டை மாடி. உன் அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை. மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் சாப்பிடுவார். மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. தூரத்தில் வெடிச் சத்தம். ஏற்றிவிட்டார்கள். பக்கத்து மாடிக்காரர் சிவப்பாக ஒன்றைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"அது செல்போன் டவருங்க," என்றார் அவர் மனைவி.

"கும்புட்டது கும்புட்டதுதான்."

நீ சிரிக்கவில்லை. "அதோம்மா, தெரிஞ்சிது. இப்ப மூடிக்கிச்சி," என்றாய். உன் அம்மா அந்தத் திசையில் கைகூப்பிவிட்டு, கீழே போய்ச் சாப்பிட்டார். அவருக்குச் சர்க்கரை. அதற்காகத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். க்ளிப், என்றேன். நீ மலையைப் பார்த்தபடியே சொன்னாய்: "இல்லடி. க்ளிம்ப்ஸ்."

ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு நீ ஒரு வாரம்கூட இல்லை.

நேற்றும் மேகம். மாடியில் உன் அம்மாவும் நானும் மட்டும். துக்க வீட்டில் எதற்கு விரதம் என்று உறவில் யாரோ கேட்டார்களாம். "வெளக்குதான் வைக்கக் கூடாது. மலையப் பாத்தா இன்னா?" என்று சொல்லியிருக்கிறார். வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றும் தெரியவில்லை. அவர் சாப்பிட வேண்டும். உன் வாக்கியம் என் நாக்கு வரை வந்துவிட்டது: அதோம்மா. அதற்குள் அவர் கேட்டார்.

"போன வருசம் தெரிஞ்சிதுன்னாளே. நெஜமா பாத்தாளா?"

நான் உருண்டை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்குச் சோறு போடறதுக்கு அவ எத வேணா சொல்லுவா. தெரியும். நீ பக்கத்துல நின்னியே. அதான் அவளுக்குக் கடைசித் தீபம். பாக்காமப் போயிட்டாளோன்னு இருக்குது எனக்கு."

ஆமாம் என்று சொல்வது சுலபம். வாங்கி வைத்துக்கொள்வார், நம்ப மாட்டார்.

பஸ்ஸில் மற்றவர்களிடம் நீ எந்தப் பொய்யையும் சொல்வாய். வகுப்பில், வீட்டிலும்கூட. ஆனால் அந்த ஜி, எல் சொற்கள் நமக்குள் மட்டும் புழங்கியவை. அங்கே யாரையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை. அவற்றில் நீ என்னிடம் பொய் சொன்னதில்லை. இது எனக்கே நேற்று அந்த மாடியில்தான் தெரிந்தது.

அதனால் க்ளிம்ப்ஸை உன் அம்மாவுக்குச் சொன்னேன். எதிர் பஸ், ஜன்னல், முகம். பார்த்தேன், ஆனால் சத்தியம் பண்ண மாட்டேன். "நீங்க கீழ போனப்புறம் எங்கிட்ட அந்த வார்த்தையத்தாம்மா சொன்னா. சிரிக்காம சொன்னா."

அவர் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொருவாட்டி சொல்லு."

"க்ளிம்ப்ஸ்."

வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அப்ப பாத்துட்டுதான் போயிருக்கா," என்றார். "பொய்யா இருந்தா சாமி மேலயே சத்தியம் பண்ணியிருப்பா, அந்தக் கழுத."

டப்பாவைத் திறந்து ஓர் உருண்டையை எடுத்தார். "நான் நாளைக்குப் பாத்துக்கிறேன்," என்று மலையைப் பார்த்துச் சொன்னார். ஓரத்தில் கொஞ்சம் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மீதியை என் கையில் வைத்தார். "சாதம் இருக்குது. வா, சாப்டலாம்." உருண்டையை முழுவதும் தின்றேன். நீ இருந்திருந்தால் எந்தச் சொல்லைச் சொல்லியிருப்பாய் என்று தெரியும்.

அந்த முகங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. க்ளிம்ப்ஸ் மட்டும் இப்போது இரண்டு பேரிடம்.

மலையில் தீபம் இன்னும் சில நாள் எரியும். வங்கிக்கு இன்று விடுப்பு சொன்னேன். சாயங்காலம் மாடிக்கு வருகிறேன் என்று உன் அம்மாவுக்குப் போன் செய்தேன்.