எரிகிற நவச்சாரம்

மே 9
இன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. காலையிலேயே ஈயம் பூசுகிற மிர்ஸோ அண்ணன் வாசலில் நின்று கத்தினார். "ஷோதிபெக்! இதுவா நவச்சாரம்? பாத்திரமெல்லாம் கரி! சுண்ணாம்பக் கலந்து ஏமாத்துறியாடா?"

என் கணவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ராவத் மலை வெடிப்புகளில், ஈயம் பிடிக்கத் தேய்க்கும் நவச்சார உப்பைச் சுரண்டி விற்கிறவர். அடியில் நிலக்கரி எரியும் மலை அது. அண்ணன் கத்தியதை ஊரே பார்த்தது.

சுண்ணாம்பு எப்படிக் கரியாகும்?

மே 10
பள்ளி ஆய்வறையில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டேன். நவச்சாரம் கரைந்தது. மினுமினுவென்று வெள்ளைச் செதில்கள் அப்படியே கிடந்தன. உலர்த்திக் கொளுத்தினால் — கருப்புப் புகை! உப்பு எரியாதே. கல்லா, மெழுகா? வேதியியல் டீச்சர் என்று பெயர், ஒன்றும் தெரியவில்லை.

மே 13
இந்தத் தடவை இவர் நவச்சாரத்தைப் புது வெடிப்பில் எடுத்தாராம். "நானும் வரேன்" என்றேன்.

"பொம்பள வர்ற இடமா அது? மூச்சு முட்டிப் போகும்."

"அப்ப ஏமாத்துக்காரன்னே பேரு இருக்கட்டும்." அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மே 16
போனோம். ஈரத்துணியை மூக்கில் கட்டியும் நெஞ்சு எரிந்தது. வெடிப்பின் உட்புறம், சூட்டில் நவச்சாரம். சற்று ஆறிய விளிம்பில் மீன் செதில் மாதிரி அந்த வெள்ளை. கை நீட்டினேன். கண் இருட்டியது. அவர்தான் இழுத்துப்போட்டார்.

"போதும் ஓய்னிசோ! பேரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!" அழுதார். இவர் அழுவாரா?

செதில் என் கைக்குள் இருந்தது.

மே 17
தலைவலி.

மே 20
மிர்ஸோ அண்ணன் கண்ணெதிரே நவச்சாரத்தையும் செதிலையும் பிரித்துக் காட்டினேன், செதிலைக் கொளுத்தியும் காட்டினேன். படிந்த கரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப இவன் கலக்கல. மலைதான் கலப்படக்காரி" என்று சொல்லி எங்கள் ரொட்டியைப் பிட்டுத் தின்றார்.

ஜூன் 28
தலைநகர் துஷான்பேயிலிருந்து மஹ்புபா வந்தாள். கல்லூரித் தோழி, இப்போது நிலவியலாளர். நான் அனுப்பிய செதில் தாரில் இருக்கும் கரிமப் பொருளாம்.

"அப்ப கனிமம் இல்லையா?"

"தார்ல இருந்து மனுஷன் பிரிச்சா வெறும் ரசாயனச் சரக்குடி. மலை தானா செஞ்சா கனிமம்தான்."

அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 2
மஹ்புபாவின் ஆட்கள் அந்த வெடிப்புக்கு வழி கேட்டார்கள். "அவளக் கேளுங்க, எனக்கு நவச்சாரம் மட்டும்தான் தெரியும்" என்று என்னைக் காட்டினார் இவர். உள்ளே போய்த் மலைக்குப் போட்டுப்போகும் தன் தோல் பூட்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

கொஞ்சம் பெரிது. போட்டுக்கொண்டேன்.