வாழ்த்துப்பா எழுதிக் கொடுப்பவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் கடிதம்.

அப்பாவின் கல்லூரி வேலை போய்விட்டது. பதறாதே, தற்காலிக வேலைதானே, என்றைக்காவது போகும் என்று தெரிந்ததுதான். முனைவர் பட்டம் இல்லையாம். அவர் கவிதையைப் பாடமாக வைத்துப் பரீட்சை நடத்துவார்கள், எழுதிய ஆளுக்கு ஒரு நிரந்தர நாற்காலி போட மட்டும் மனசு வராது. அதுகூடப் போகட்டும். துறைத்தலைவர் கூப்பிட்டு, உங்க இடத்துக்குப் புதுசா வர்றவருக்கு ஒரு வரவேற்புப்பா எழுதிக் குடுங்க சார், உங்கள விட்டா யாரு இருக்கா என்றாராம். இந்த மனிதரும் தலையை ஆட்டிவிட்டு வந்து எழுதினார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் ஓய்வு பெற்றாலும் இவர், யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் இவர், கல்லூரி முதல்வரின் மாமியார் செத்ததற்கு இரங்கற்பாவும் இவர்தான். சொந்தமாக எழுத வைத்திருந்த விடுமுறையெல்லாம் இதிலேயே கரைந்தது. இரண்டாவது புத்தகம் ஏன் வரவில்லை என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்களே, எங்கிருந்து வரும்? வரவேற்புப்பாவுக்கு ஒரே கைதட்டலாம். புதியவர் அதைச் சட்டம் போட்டு அப்பாவின் பழைய மேஜைக்கு மேலேயே மாட்டியிருக்கிறார். எழுதியவர் பெயரைப் போடத்தான் இடம் போதவில்லையாம்.

இப்போது உன் விஷயம். உன் பேராசிரியருக்குப் பாராட்டு விழா, என்னத்தான் வாழ்த்துப்பா எழுதச் சொன்னாங்க என்று போனில் குதித்தாயே. அம்மா வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று நினைத்தாலும் சரி, எனக்கு வராது என்று சொல்லிவிடு. ஒரு தடவை நன்றாக எழுதிவிட்டால் ஆயுசுக்கும் விடமாட்டார்கள். உன் பேராசிரியர் கோபத்தில் உன் ஆய்வேட்டை இழுத்தடிப்பார், அடிக்கட்டும். நீ அப்பா மாதிரி ஆகிவிடக் கூடாது, எனக்கு அதுதான் பயம்.

நீ சொன்னதைக் கேட்டபோது அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வரவேற்புப்பாவுக்குப் பிறகு பேனாவையே தொடாதவர், பாவம், புள்ளைக்குப் பழக்கமில்ல, தடுமாறும் என்று உட்கார்ந்து, உன் பேராசிரியருக்கு முழு வாழ்த்துப்பாவும் எழுதிவிட்டார். அந்த ஆளின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார். இந்த உறையில் வைத்து அனுப்பச் சொன்னார். நான் வைக்கவில்லை.

நல்லா இரு, கண்ணு. உடம்பைப் பார்த்துக்கொள். ஒன்றை மறக்காதே, வந்து சேர்ந்ததா என்று அப்பா கேட்பார். வந்தது, ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா